உளுந்து மேல் பழி

இரண்டு வருஷமாகக் கல்யாணசுந்தரி தூக்குவாளியில் சுமந்துகொண்டு போன உளுந்தங்களியில் ஒரு கவளம்கூட அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு ஊரே அந்தக் களியைப் பற்றித்தான் பேசியது. பார்த்தவன், பார்க்காதவன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் பேசினான்.

கேட் என்றால், கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம் ரோட்டில் மாயகிருஷ்ணன் முதலாளி கட்டிவைத்திருக்கும் சைக்கிள் அகாடமியின் கேட். தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லுகிற தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு முதலாளி. ஹாக்கிக்குப் பேர்போன ஊரில் சைக்கிள் பந்தயத்தைக் கொண்டுவந்தவர் தாம்தான் என்று மேடைக்கு மேடை சொல்லுவார். 'காலனிப் பிள்ளைகளைக் கண்டெடுத்து உலகத்துக்குத் தருகிறோம்' என்று காம்பவுண்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். கண்டெடுப்பதற்கு அந்தப் பிள்ளைகள் என்ன ரோட்டில் தொலைந்தா கிடந்தார்கள் என்று ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை.

கல்யாணசுந்தரியின் மகள் சத்யபிரியாவை அப்படித்தான் கண்டெடுத்தார்கள். இடைசெவலுக்குக் கிழக்கே காலனியில் வீடு. அப்பா கருத்தையா முதலாளியின் தீப்பெட்டி ஆபீஸில் லோடுமேன். அம்மாவுக்குக் கரிசல் காட்டில் கூலிவேலை. பிள்ளை, பெரியப்பா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிளை எடுத்துக்கொண்டு, களையெடுக்கப் போன அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோவாள். ஆடி மாசம் அந்தப் பக்கம் அடிக்கிற காற்று சாமானியக் காற்று இல்லை. காற்றாலை இறக்கை சுற்றுகிற சத்தம் காடு முழுக்கக் கேட்கும். வளர்ந்த ஆம்பிளைகளே இறங்கி, குனிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள். இவள் இறங்கமாட்டாள். ஹேண்டில்பாரில் தூக்குவாளி ஆட, பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்காற்றில் மிதித்துக்கொண்டே வருவாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஹரிஹரசுதன் மாஸ்டர் காரை நிறுத்தினார். அவர்தான் அகாடமியில் பயிற்சி கொடுக்கிறவர். மறுவாரமே பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். முதல் வருஷம் மாவட்டத்தில் ஜெயித்தாள், பிறகு மாநிலத்தில். அடுத்த வருஷம் வடக்கே எங்கேயோ, மரப்பலகையைச் சரிவாக வளைத்துப் போட்ட மைதானத்தில் நடந்த தேசியப் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம். காலனி முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் முதலாளியின் தலை பெரிசு. பிள்ளையின் தலை எலுமிச்சம்பழம் அளவு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்யாணசுந்தரி களி கிண்டுவாள். நிலம் வைத்திருக்கிற காட்டுக்காரர்கள் அறுவடையில் கூலியோடு கொடுத்த கறுப்பு உளுந்து. தொலியோடு வறுத்து, பச்சரிசி சேர்த்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் போட்டுக் கை வலிக்கக் கிண்டி, நல்லெண்ணெயை ஊற்றி உருட்டி வைப்பாள். சமைந்த பிள்ளைக்கு இடுப்பெலும்பு உரத்து நிற்க வேண்டும் என்றால் அந்தக் காட்டில் எல்லாத் தாய்மாரும் செய்வது அதுதான். இவள் பிள்ளையோ இடுப்பு பலத்தில்தானே சைக்கிள் மிதிக்கிறாள்? விட்டுவிட முடியுமா?

கேட்டில் வாட்ச்மேன் மகாராஜா கையை விரிப்பார்.

"தாயி, நான் என்ன செய்ய? வீட்டுச் சாப்பாடு உள்ள வரப்பிடாதுன்னு மாஸ்டர் கண்டிசனா சொல்லியிருக்காரு. பிள்ளைய வேணா கூப்பிடுதேன், பாத்துட்டுப் போ."

"ஒரு உருண்டை அண்ணாச்சி. இங்கன நின்னே தின்னுட்டுப் போயிருவா."

ஒருநாள் மாஸ்டரே வந்துவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தவர் மூக்கைச் சுளித்தார்.

"இந்தாம்மா, உங்க வீட்டுல எந்தச் சட்டியில எதைக் கிண்டுதீங்கன்னு யாருக்குத் தெரியும்? சுத்தபத்தம் இருக்காது. இதுல ஒரு வாய் தின்னா என்னோட ஆறு மாச உழைப்பு போச்சு. இனி தூக்குவாளியோட இந்தப் பக்கம் வராதே."

பெற்றவள் கை சுத்தமில்லை என்று சொன்ன வாயில் அன்றைக்கே ஒன்று போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவர் படித்தவர், பிள்ளையை ஆளாக்குகிறவர், சொன்னால் அதில் நியாயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்தக் களியை அவளே விண்டு தின்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கிண்டிக்கொண்டுதான் போனாள். திருப்பித்தான் கொண்டுவந்தாள்.

ஆவணி முடிகிற நேரத்தில் சத்யபிரியா ட்ரங்குப் பெட்டியோடு தனியாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சைக்கிள் இல்லை. கழுத்தைச் சுற்றித் துண்டு. யாரிடமும் பேசவில்லை. சுவரைப் பார்க்கப் படுத்துக்கொண்டாள். கல்யாணசுந்தரி போட்டு உலுக்கிக் கேட்டதற்கும், "தொண்டை கட்டியிருக்கு, விடும்மா" என்று கரகரவென்று ஒரு வார்த்தைதான்.

விஷயத்தைக் கருத்தையாதான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்தான். கடைசிப் பந்தயம் முடிந்த கையோடு டெல்லிக்காரர்கள் பிள்ளையிடம் மூத்திரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் ஆகாத மருந்து ஏதோ இருந்திருக்கிறது. பிள்ளை இனிப் பந்தயம் ஓட்டக்கூடாது என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். விசாரணை வருமாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் போனில் வந்தார்.

"ஏம்மா, வீட்டுல வச்சு அவளுக்கு என்னத்தைக் குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கலையே சார்."

"ஆடி மாசம் கோயில் கொடைக்கு வந்தாள்ல? அப்ப என்ன தின்னா?"

"களி தின்னா சார். உளுந்தங்களி. ரெண்டு நாளும் ஆசை ஆசையாத் தின்னா."

"அதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

'அதான்' என்ற ஒரு சொல் அவளை எப்படிப் போட்டு ஆட்டியது என்பதை எழுதிக் காட்ட முடியாது. மாஸ்டர் இரண்டு வருஷமாகச் சொன்னாரே, கேட்டோமா? மூக்கைச் சுளித்தாரே, உறைத்ததா? பிள்ளை வாயில் நாமே விஷத்தை ஊட்டிவிட்டோமே என்று அழுதாள். வருஷத்துக்கு என்று பானையில் திரித்து வைத்திருந்த உளுந்தமாவு முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினாள். முழு உளுந்தையும் விடவில்லை. வெயிலில் காய்ந்து, புடைத்து, கல் பொறுக்கி வைத்திருந்த தானியம். பக்கத்து வீட்டு ஆடுகள் வந்து வாய் வைத்ததும் ஐயோ என்று ஓடிப்போய் அவற்றைக் கல்லால் அடித்து விரட்டினாள். ஆட்டுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

புரட்டாசி பிறந்துவிட்டது. மழைக்கு முந்திப் புழுதியில் விதை போட்டாக வேண்டும். யாருடைய பிள்ளையை யார் நிறுத்திவைத்தாலும் கரிசல் காத்திருக்காது. மக்காச்சோளம் ஊன்றுகிற வேலை. டிராக்டர் கீறிப்போட்ட சாலில் பெண்கள் வரிசையாக, மடியில் விதையைக் கட்டிக்கொண்டு, குனிந்த குனிப்பு நிமிராமல் போனார்கள். மண் சூடு உள்ளங்காலை வறுத்தது. புழுதி மூக்கில் ஏறி, தும்மினால் கறுப்பாக வந்தது. பக்கத்துச் சாலில் மீனாட்சியம்மாள் வந்துகொண்டிருந்தாள். வாய்க்குப் பயப்படாத பொம்பிளை.

"ஏக்கா" என்று கல்யாணசுந்தரி மெதுவாக ஆரம்பித்தாள். "உளுந்து தின்னா ரத்தம் கெட்டுப்போகுமா?"

"எந்த எடுபட்ட பய சொன்னான்?"

"சைக்கிள் மாஸ்டர்தான்."

"அப்பிடின்னா இந்தக் காட்டுல ஒருத்தி உசுரோட இருக்கமாட்டாளேட்டி. நான் சமைஞ்சதுக்கு உளுந்து. பிள்ளை பெத்ததுக்கு உளுந்து. எம்மருமக இடுப்பு வலின்னு கெடந்தா, அதுக்கும் உளுந்து. எங்க ரத்தமெல்லாம் நல்லாத்தான ஓடுது?"

"அது நமக்கு. சைக்கிள் ஓட்டுதவியளுக்கு ஆகாதாம்க்கா."

"சைக்கிள்ல ஏறுனா வயிறு வேற வயிறா மாறிருமா? கூறுகெட்டவளே. அவன் சொன்னான்னு நீயும் கேட்டுக்கிட்டு நிக்கெ."

"டெல்லியில பாத்துச் சொல்லியிருக்காக."

"டெல்லிக்காரன் உளுந்துன்னு சொன்னானா? அவன் மருந்துன்னு சொல்லியிருப்பான். உளுந்துன்னு சொன்னது இங்கன உள்ளவன். நல்லா யோசிச்சுப் பாரு."

கல்யாணசுந்தரி விதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் வந்த காட்டுக்காரர் "என்ன, நிமிந்து நின்னு வானத்தப் பாக்கியா? மழை வந்தா அதுவே சொல்லும், நீ ஊனு" என்று சத்தம் போட்டார். குனிந்துகொண்டாள். ஆனால் மீனாட்சியம்மாள் சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் முதலாளியின் கார் காலனிக்குள் வந்தது. இத்தனை வருஷத்தில், பதக்கம் வாங்கினபோதுகூட வராத கார். கருத்தையா ஓடிப்போய் நாலு வீடு தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து வாசலில் போட்டான். முதலாளி உட்கார்ந்தார். மாஸ்டர் நின்றார். டீ கொடுத்தார்கள். "சுகர் இருக்கு" என்று முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். மாஸ்டருக்குச் சுகர் இல்லை. அவரும் கீழேதான் வைத்தார்.

"விசாரணை வருது. கம்ப்யூட்டர்லேயே கேப்பாங்க, டெல்லி போக வேண்டியதில்ல" என்று மாஸ்டர் தொடங்கினார். "பாப்பாவுக்குப் பதினெட்டு முடியல. அதனால பெத்தவங்க வந்து பேசணும். நீ என்ன சொல்லணும்னா, பிள்ளை உடம்பு தேறணும்னு நாட்டு மருந்துக் கடையில ஏதோ பொடி வாங்குனேன், களியில கலந்து குடுத்தேன், விவரம் தெரியாமப் போச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"நான் பொடி ஒண்ணும் போடலையே சார்."

"போட்டேன்னு யாரும்மா சொன்னா? சொல்லச் சொல்லுதேன்."

"போடாதத எப்பிடி..."

"தெரியாம நடந்ததுன்னா தண்டனை குறையும்மா. ஒரு வருசத்தோட போயிரும். இல்லேன்னா நாலு வருசம். நாலு வருசம் கழிச்சு உம்மக என்னத்த ஓட்டுவா? உன்னை மாதிரி மடியில விதையக் கட்டிக்கிட்டுக் காட்டுல நிக்க வேண்டியதுதான்."

"அப்ப, மருந்து எப்பிடி சார் உள்ள போச்சு?"

மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கல்யாணசுந்தரியைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலாகக் கருத்தையாவைப் பார்த்தார்.

"ஏலே கருத்தையா, என்ன இவ குறுக்குக் கேள்வி கேக்கா? பிள்ளை நல்லா இருக்கணுமா வேண்டாமா?"

"சொல்லிருவா மொதலாளி" என்றான் கருத்தையா. கை தானாகக் கட்டிக்கொண்டது.

"நீங்கதான சார் வீட்டுச் சாப்பாடே உள்ள விடக்கூடாதுன்னு சொன்னீங்க? வாசல்லயே வச்சு வெரட்டுனீங்களே" என்றாள் கல்யாணசுந்தரி.

மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதைத்தான் சொல்லணும்! அகாடமியில தடுத்தாங்க, நான் கேக்காம ஒளிச்சுக் குடுத்தேன்னு சொல்லு. இன்னும் நல்லா நம்புவாங்க. படிக்காத பொம்பளை, பெத்த பாசம்... அவங்களுக்கே இரக்கம் வந்துரும்."

இரண்டு வருஷம் அவளுக்கு விவரம் இல்லை என்று வாசலில் நிறுத்தினார்கள். இப்போது அதே விவரமில்லாமை அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. வெட்கமே இல்லாமல் அதைக் கேட்டு வாங்கக் காரில் வந்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷர்கள்!

எழுந்து போகும்போது மாஸ்டர் திரும்பி நின்று ஒன்று சொன்னார். "பாப்பா பேச வேண்டாம். அழுதுக்கிட்டு இருக்கா, பேச முடியலன்னு நாங்களே சொல்லிக்கிடுதோம். நெட் சரியில்லன்னு படத்தையும் அமத்திருவோம். நீ மட்டும் பேசுனாப் போதும்."

அவர்கள் போன பிறகு கல்யாணசுந்தரி ஆறிப்போன டீயைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே வந்தாள். பிள்ளை சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஆடிக் கொடையிலேயே லேசாகக் கரகரத்த தொண்டைதான்; மூன்று வாரமாகச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுக்கிறாள், அந்தத் தொண்டைக்கட்டு இளகவில்லை. இன்னொரு கணக்கும் அவளுக்கு இடித்தது. கேட்கப் பயந்துகொண்டு நாளைக் கடத்தியது போதும் என்று கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, நீ வந்து இம்புட்டு நாளாச்சு. வீட்டுக்குத் தூரமே ஆகல. கடைசியா எப்ப ஆன?"

பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கேக்கேன்ல?"

"தை மாசம்."

கல்யாணசுந்தரி விரல்விட்டு எண்ணினாள். பிள்ளையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். "எந்தப் பயட்டி? சொல்லு, எந்தப் பய?"

"ச்சீ, விடும்மா! அப்பிடி ஒண்ணும் இல்ல."

"பின்ன எப்பிடிட்டி நிக்கும்?"

"ஊசிம்மா."

"என்ன ஊசி?"

சத்யபிரியா எழுந்து உட்கார்ந்தாள். கழுத்துத் துண்டை அவிழ்த்து மடியில் போட்டாள். வெளிச்சத்தில் முகத்தைக் கிட்டக்கப் பார்த்தபோதுதான் மேலுதட்டில் சிரைத்த இடம் பச்சையாகத் தெரிந்தது. "சத்து ஊசின்னு மாஸ்டர் போட்டாரு. வாரம் ஒருக்க, இடுப்புல. மாத்திரையும் குடுத்தாரு. தூரம் நின்னுபோச்சுன்னு சொன்னேன். ஓட்டுற பிள்ளையளுக்கு நிக்கிறது நல்லதுன்னாரு. தொண்டை மாறுச்சு. எதுத்த காத்துல வாயத் தொறந்துட்டு ஓட்டுனா அப்பிடித்தான் ஆகும்னாரு. மீசை மொளைச்சது. பிளேடு வாங்கிக் குடுத்தாரு."

"நீ ஏன்டி சொல்லல?"

"ஒருக்க ஊசி வேண்டாம்னு சொன்னேன். என் சைக்கிளக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, போய் சமையக்கட்டுல பாத்திரம் கழுவுன்னுட்டாரு. பத்து நாள் கழுவுனேன். பிறகு நானே போய் இடுப்பக் காட்டுனேன்."

"மொதலாளிக்குத் தெரியுமா?"

"மருந்துப் பெட்டி அவரு கார்லதான் வரும்."

"உனக்கு மட்டுந்தானா?"

"எனக்கும் பெரிய பிள்ளைக ரெண்டு பேருக்கும் போட்டாரு. இப்ப உமாதேவிக்கும் ஆரம்பிச்சிட்டாரு. அது எட்டாங்கிளாஸ்ம்மா."

கல்யாணசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. "ஐயோ, எம் உளுந்தக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டுனேனே பாவி! அந்த நாசமாப் போறவன் கையால போட்டுட்டு, எங்கைய சுத்தமில்லன்னான். நானும் ஆமான்னு கேட்டுக்கிட்டேனே!"

"இந்த முடியெல்லாம் கொட்டிரும். தூரமும் வந்துரும். போன்ல போட்டுப் பாத்தேன்" என்றாள் சத்யபிரியா. "தொண்டை மட்டும் திரும்பாதாம்."

பிறகு பிள்ளை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"அவிய சொன்னத நீ சொல்லிரும்மா."

"என்னது?"

"பொடி போட்டேன்னு சொல்லிரு. ஒரு வருசத்துல முடிஞ்சிரும். சைக்கிளத் திருப்பிக் குடுத்துருவாங்க. நெசத்தச் சொன்னா இந்த ஊர்ல எனக்கு ஒரு பெடல்கூடக் கெடைக்காது. அவிய இல்லாம நான் எங்கன போய் ஓட்டுவேன்?"

"மறுபடியும் அவன்கிட்டயா? அந்த ஊசிக்கா?"

"உனக்குப் புரியாதும்மா. பள்ளிக்கூடத்துல, பஸ்ல, கடையில, எங்கன போனாலும் மொதக் கேள்வி நீ எந்தத் தெருன்னுதான். அந்த வளைவுல இறங்கி மிதிக்கும்போது ஒருத்தன் கேக்கமாட்டான். எனக்கு அது வேணும். தொண்டை போனது போகட்டும். அதுவாவது மிஞ்சட்டும்மா."

கல்யாணசுந்தரிக்கு அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. கருத்தையா வேலை முடிந்து வந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றாமல், சாப்பிடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"தெரிஞ்சு என்ன செய்யச் சொல்லுத?" என்றான் கடைசியில். "நாளைக்கு லோடு ஏத்தப் போகணுமா வேண்டாமா? பிள்ளையே சொல்லிருன்னு சொல்லுது. சொல்லிட்டு வந்துருவோம்."

"அது கொரலக் கேட்டீங்களா நீங்க?"

"தொண்டை கட்டியிருக்குன்னு..."

"கட்டல. உங்க மகளோட தொண்டையே போச்சு. இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். நீங்களும் போய் ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேளுங்க."

அவன் போய்க் கேட்கவில்லை. கேட்கப் பயந்துகொண்டு முதுகைத் திருப்பிப் படுத்துக்கொண்டான்.

விசாரணை நாளில் மூன்று பேரும் முதலாளியின் ஆபீஸ் அறைக்குப் போனார்கள். ஏசி போட்ட அறை. வெளியே தீப்பெட்டி மருந்து வாசனை, உள்ளே ஊதுவத்தி வாசனை. மேசையில் லேப்டாப். அதன் முன்னால் கல்யாணசுந்தரியும் பிள்ளையும். பக்கவாட்டில் முதலாளி. மாஸ்டர் சுவரோரம் நின்றார். கருத்தையா வழக்கம்போலக் கதவோரம். படத்தை முதலிலேயே அமர்த்திவிட்டார்கள். கேட்டது குரல்கள் மட்டும்தான்.

அந்தப் பக்கம் இருந்து இந்தியிலும் இங்கிலீஷிலும் ஏதோ பேசினார்கள். பிறகு ஒரு பெண் குரல் நல்ல தமிழில் வந்தது. "வணக்கம் அம்மா. நீங்கள் சொல்வதை நான் இவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன். பயப்படாமல் பேசுங்கள். மகளுக்கு வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?"

மாஸ்டர் கையைக் காட்டினார், ஆரம்பி என்று.

"களி குடுத்தேன்" என்றாள் கல்யாணசுந்தரி. "உளுந்தங்களி."

"அதில் என்னென்ன சேர்த்தீர்கள்?"

"உளுந்து, பச்சரிசி, கருப்பட்டி, நல்லெண்ணெய்."

"வேறு ஏதாவது?"

"வேற என்ன தாயி போடுவாக? நீ தமிழ்ப் பிள்ளைதான? உங்க அம்மா உனக்குக் கிண்டிக் குடுத்ததில்லையா?"

"கொடுத்திருக்கிறார்கள்" என்று அந்தக் குரல் தணிவாகச் சொன்னது.

"நாங்குடுத்ததும் அதேதான். அதையும் இவிய கேட்டுக்கு உள்ள விட்டதில்ல. ரெண்டு வருசம் வாசல்ல நிறுத்தி வெரட்டுனாக. எஞ்சட்டி சுத்தமில்லன்னாக. உள்ள வச்சு ஊசி போட்டது மாஸ்டர். வாரத்துக்கு ஒண்ணு. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் போடுதாரு. பொடி போட்டேன்னு பொய் சொல்லச் சொல்லி என்னைக் கூட்டிட்டு வந்திருக்காக. இந்தா, பக்கத்துலதான் நிக்காரு!"

மாஸ்டர் ஒரு எட்டு முன்னால் வந்தார். முதலாளி அவரைக் கையால் தடுத்துவிட்டு, லேப்டாப்பின் பக்கம் சாய்ந்து தேனொழுகப் பேசினார். "மேடம், அது படிக்காத பொம்பளை. பதட்டத்துல என்னமோ பேசுது. நாங்க பேசிட்டு இன்னொரு நாள்..."

"விசாரணைக் குழுத் தலைவர், அந்தப் பெண்ணிடமே நேரடியாகக் கேட்க விரும்புகிறார்" என்றது குரல்.

"அது அழுதுக்கிட்டு இருக்கு மேடம். பேச முடியாது."

"பரவாயில்லை. காத்திருக்கிறோம்."

எல்லோரும் சத்யபிரியாவைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. சுவரோரம் நின்ற மாஸ்டரைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக இடமும் வலமும் ஆட்டினார். ஜன்னல் வழியாகக் கீழே, ஆபீஸ் வாசலில் அவளுடைய பந்தய சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது தெரிந்தது. ஒழுங்காக நடந்துகொண்டால் இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதற்காக வேண்டுமென்றே நிறுத்தியிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணசுந்தரி மகள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் உனக்கு ஒண்ணும் சொல்லித்தரமாட்டேன் சத்யா. உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு. எதுவானாலும் நீ எம் பிள்ளைதான்."

பிறகு சத்யபிரியா வாயைத் திறந்தாள்.

"எங்க அம்மா சொன்னதுதான் நெசம்."

அந்தப் பக்கத்துக் குரல் உடனே கண்டிப்போடு குறுக்கிட்டது. "ஐயா, நீங்கள் பெண்ணின் அப்பாவா? தயவுசெய்து நீங்கள் பேச வேண்டாம். பெண்ணைப் பேசச் சொல்லுங்கள்."

கதவோரம் நின்ற கருத்தையா, வாயே திறக்காதவன், தன் மகளை நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான் பேசுதேன்" என்றாள் அவள், அதே கட்டைக் குரலில். "அப்பா இல்ல. நான்தான் சத்யபிரியா."

கல்யாணசுந்தரி நாற்காலி சாய எழுந்துவிட்டாள். அந்தக் கருவியைப் பார்த்து, காட்டில் அடுத்த சாலில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற சத்தத்தில் கத்தினாள். "கேட்டுச்சா தாயி? கேட்டுச்சுல்லா? அவியட்டச் சொல்லு! எந்தூரு உளுந்துல இந்தத் தொண்டை வரும்னு கேட்டுச் சொல்லு!"

முதலாளி லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார். அதற்குள் கருத்தையா வந்துவிட்டான். பண்டல் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை, முதலாளியின் கைக்கு மேலே விழுந்து அதை அப்படியே பிடித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை அவன் தொட்டதில்லை.

"கைய எடுங்க மொதலாளி" என்றான். "எம்மக இன்னும் பேசி முடிக்கல."

சத்யபிரியா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, உமாதேவியின் பேரிலிருந்து ஆரம்பித்தாள்.